வாயில் பஞ்சு, வாலில் கிழிசல், நிமிர்ந்த செதில்: தொட்டி மீனின் பற்றீரியா நோயை அறிகுறி பார்த்துப் பிடிப்பது எப்படி

மட்டக்களப்பில் கச்சான் என்ற வறண்ட காற்று அடிக்கத் தொடங்கினால் என் தொலைபேசி ஓயாது. தகரம், ஷீட் போட்ட வீடுகளில் மதியம் தொட்டித் தண்ணீர் 32 பாகையைத் தொடும் காலம் அது. "அண்ணே, நேற்று நல்லா ஓடித் திரிஞ்ச கப்பி, இண்டைக்கு வாயில பஞ்சு ஒட்டின மாதிரி மூலையில நிக்குது. என்ன மருந்து போட?" ஆரையம்பதியிலிருந்து அழைத்தாலும் ஏறாவூரிலிருந்து அழைத்தாலும் கேள்வி இதேதான். நான் திருப்பிக் கேட்பதும் எப்போதும் ஒன்றுதான்: எப்போது தொடங்கியது, எத்தனை மீனில் தெரிகிறது?

நோயின் பெயரைக் கண்டுபிடிக்க நுணுக்குக்காட்டி வேண்டும். அது நம்மில் பலரிடம் இல்லை. ஆனால் நோய் போகும் வேகத்தைப் பார்க்கக் கண் போதும். சில பற்றீரியா நோய்கள் மணிக்கணக்கில் கொல்லும். சில நாட்கணக்கில் தின்னும். ஒன்று மாதக்கணக்கில் மீனை மெலிய வைக்கும். இந்த மூன்றையும் பிரித்தறிந்தால் பாதி வேலை முடிந்துவிடும். எதற்கு இரவோடு இரவாக ஓட வேண்டும், எதற்குப் பொறுத்திருந்து தண்ணீரைச் சரிசெய்தால் போதும், எதற்கு மருந்தே இல்லை என்பது அதிலேயே தெரியும். கீழே உள்ளதை அந்த வேகத்தின் வரிசையிலேயே எழுதுகிறேன். அதற்குமுன் ஒரு சோதனை.

எந்த அறிகுறியானாலும் முதலில் இதைச் செய்யுங்கள்

மீன் சோர்ந்து மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகிறதா, பூ (மூச்சு விடும் செவுள்) சிவந்திருக்கிறதா, தொட்டியில் எல்லா மீனுக்கும் ஒரே நேரத்தில் இப்படியா? அப்படியானால் அது பெரும்பாலும் நோயல்ல, தண்ணீர். பற்றீரியா நோய் ஒன்றிரண்டு மீனில் தொடங்கிப் பரவும். தண்ணீர் கெட்டால் எல்லாம் ஒன்றாகப் படுக்கும்.

மீன் கழிவிலிருந்து தண்ணீரில் சேரும் நஞ்சான அமோனியாவைச் சோதிக்கும் கிட் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் மூக்கை நம்ப வேண்டாம், மீனைக் கொல்லும் அளவு அமோனியா மனிதனுக்கு மணக்காது. மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றிவிட்டு, ஒக்சிஜன் மோட்டரைக் கூட்டி வைத்து, இரண்டு மூன்று மணி நேரம் பாருங்கள். மீன் கீழே இறங்கி வழமைபோல் நீந்தத் தொடங்கினால் விடை கிடைத்துவிட்டது. மருந்துக் காசு மிச்சம்.

நம் பக்கத்துத் தண்ணீருக்கு இதில் ஒரு தனிக் கதை உண்டு. எழுவான்கரையில் கடலுக்கும் வாவிக்கும் நடுவே உள்ள மணல் நிலத்துக் கிணறுகளில் பலவற்றில் தண்ணீர் கடினமானது, சிலவற்றில் சவர். கார இயல்பும் கூடியிருக்கும். அமோனியா இரண்டு வடிவில் இருக்கும்: ஒன்று மீனைப் பெரிதாகப் பாதிக்காத அமோனியம், மற்றது பூவைச் சுடும் அமோனியா. 30 பாகை வெப்பத்தில் பிஎச் (தண்ணீரின் அமில, கார அளவு) 7 ஆக இருந்தால் நூற்றில் ஒரு பங்குகூட நச்சு வடிவில் இருக்காது. பிஎச் 8 ஆனால் அது நூற்றுக்கு ஏழைத் தாண்டும். அதே தொட்டி, அதே மீன், அதே அழுக்கு, ஆனால் நஞ்சு ஏறக்குறைய பத்து மடங்கு. கொழும்பில் ஒருவர் வாரக்கணக்கில் தண்ணீர் மாற்றாமல் சமாளிக்கிறார் என்றால், கல்லடியில் கிணற்றுத் தண்ணீர் ஊற்றும் நாமும் சமாளிக்கலாம் என்று நினைக்க வேண்டாம்.

இதே காரணத்தால் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. மாதக்கணக்கில் தண்ணீர் மாற்றாத பழைய தொட்டியில் பிஎச் இறங்கியிருக்கும், அமோனியா தீங்கில்லாத வடிவில் சேர்ந்து கிடக்கும். அதில் ஒரேயடியாகப் பாதித் தண்ணீரை எடுத்துவிட்டுக் கிணற்றுத் தண்ணீரை ஊற்றினால், கிடந்ததெல்லாம் நச்சாக மாறிவிடும். "தண்ணி மாத்தினதும் மீன் செத்துப்போச்சு" என்று பலர் சொல்வதற்குப் பின்னால் பெரும்பாலும் இதுதான் இருக்கிறது. அப்படிப்பட்ட தொட்டிக்கு ஒரு நாளைக்குப் பத்தில் ஒரு பங்கு, ஒரு வாரம் தொடர்ந்து.

குழாய்த் தண்ணீர் பாவிப்பவர்கள் குளோரினைப் பார்க்க வேண்டும். வாளியில் பிடித்து, காற்றுக் கல் போட்டு ஒரு நாள் வைத்தால் குளோரின் பறந்துவிடும். வெள்ளம் வடிந்த பிறகு கிணறுகளுக்கு குளோரின் தூள் போடுவார்கள் அல்லவா, அந்த வாரங்களில் கிணற்றுத் தண்ணீருக்கும் இதே கவனம் வேண்டும். 2011 ஜனவரி வெள்ளத்துக்குப் பிறகு நான் ஒரு தொட்டி முழுவதையும் இப்படித்தான் இழந்தேன். பூவெல்லாம் வெளிறிக் கிடந்த மீன்களுக்கு நோய் மருந்து ஊற்றிக்கொண்டிருந்தேன். அவற்றுக்கு நோயே இல்லை.

சரி, தண்ணீர் மாற்றியும் மாற்றமில்லை, ஒன்றிரண்டு மீனில்தான் அடையாளம் தெரிகிறது. இனி நோயைப் பார்ப்போம்.

வாயைச் சுற்றி வெள்ளை, முதுகில் சாம்பல் நிறப் படை: மணிக்கணக்கில் போகும் நோய்

இது கொலும்நாரிஸ். பிளேவோபற்றீரியம் கொலும்நாரே என்ற பற்றீரியாவின் வேலை. கப்பி, மொலி, டெட்ரா எல்லாவற்றையும் பிடிக்கும். கடையில் வாங்கி வந்து மூன்று நாளில் செத்துப்போகும் கப்பிகளில் பலவற்றைக் கொல்வது இதுதான் என்பது என் அனுபவம்.

பார்ப்பவர்கள் எல்லோரும் இதைப் பங்கசு என்று நினைக்கிறார்கள். பஞ்சு மாதிரி இருப்பதால் வரும் குழப்பம். வித்தியாசம் இருக்கிறது. டோர்ச் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் அடித்துப் பாருங்கள். பங்கசு என்றால் இழை இழையாக, தண்ணீரில் அசையும் முடிபோல நீண்டு நிற்கும். ஏற்கனவே காயம் பட்ட இடத்தில்தான் பெரும்பாலும் வரும், மெதுவாக வளரும். கொலும்நாரிஸ் தோலோடு ஒட்டிய படை. வெள்ளை, சாம்பல், சில சமயம் இலேசான மஞ்சள். உதட்டில் தொடங்கும், அல்லது முதுகுச் செட்டைக்குக் கீழே குதிரைச் சேணம் வைத்ததுபோல் இருபுறமும் இறங்கும். காலையில் உழுந்தளவு இருந்தது மாலையில் முதுகைச் சுற்றியிருந்தால் அது பங்கசு அல்ல. பூவில் மட்டும் பிடித்தால் வெளியே ஒன்றுமே தெரியாது. மீன் மூச்சு வாங்கிச் சாகும்.

வெப்பம் கூடக் கூட இது வேகமாகக் கொல்லும். 30 பாகைத் தண்ணீரில் ஒரே நாளில் மீன் போய்விடலாம். வெள்ளைப் புள்ளி நோய்க்கு ஹீட்டர் போட்டுச் சூடாக்கச் சொல்வார்கள், அது அந்த ஒட்டுண்ணிக்குச் சரி. அதையே இதற்குச் செய்தால் நெருப்பில் எண்ணெய்.

செய்ய வேண்டியதை வரிசையாகச் சொல்கிறேன், இதில் வரிசை முக்கியம்.

முதலில், அடையாளம் தெரியும் மீனைப் பிரித்து ஒரு பேசினில் விடுங்கள். இருபது முப்பது லீட்டர் கொள்ளும் பிளாஸ்டிக் பேசின் போதும், காற்றுக் கல் கட்டாயம். கோலிய வலையை நல்ல தொட்டியில் மறுபடி போட வேண்டாம்.

இரண்டாவது, இரண்டு இடத்திலும் தண்ணீரைக் குளிர வையுங்கள். மூடியைத் திறந்துவிட்டு, மேசை மின்விசிறியைத் தண்ணீரின் மேற்பரப்பில் படும்படி திருப்பினால் இரண்டு மூன்று பாகை இறங்கும். கச்சான் காற்று வறண்ட காற்று என்பதால் அந்தக் காலத்தில் இது நன்றாகவே வேலை செய்கிறது. தண்ணீர் ஆவியாகிக் குறையும், மாலையில் நிரப்புங்கள். ஐஸ்கட்டியைத் தொட்டிக்குள் கொட்ட வேண்டாம். தண்ணீர் உறைய வைத்த போத்தல் ஒன்றை மிதக்க விடலாம், ஒரு மணி நேரத்துக்கு ஒரு பாகைக்கு மேல் இறங்காதபடி. 25, 26 பாகையில் நிறுத்தினால் போதும்.

மூன்றாவது, உப்பு. லீட்டருக்கு 1 கிராமில் தொடங்கி, கப்பி, மொலி போன்ற தாங்கும் மீனுக்கு 3 கிராம் வரை, ஒரு நாளில் மூன்று தவணையாக. கல்லுப்பைத் தனியாகக் கரைத்து ஊற்றுங்கள், மீன்மேல் கொட்டாதீர்கள். குறைந்த அளவு உப்புக்கூட இந்தப் பற்றீரியா மீனில் ஒட்டிக்கொள்வதைக் குறைக்கிறது. சவர்க் கிணற்றுத் தண்ணீர் ஊற்றுபவர்கள் ஏற்கனவே உள்ள உப்பையும் கணக்கில் எடுங்கள். டெட்ரா, கொரிடோராஸ் இருந்தால் 1 கிராமோடு நிறுத்துங்கள். பச்சைத் தாவரம் உள்ள தொட்டிக்கு 3 கிராம் ஆகாது.

உப்பும் குளிர்ச்சியும் தொடக்கத்தில் பிடித்த மீனைக் காப்பாற்றும். படை முதுகைச் சுற்றிவிட்ட மீனுக்கு அன்டிபயோட்டிக் இல்லாமல் வழியில்லை, அப்போதும் உறுதி சொல்ல முடியாது. அதைப் பற்றிக் கீழே தனியாக எழுதுகிறேன்.

இலேசான சந்தேகத்துக்கு ஒரு வார்த்தை: ஆண் தங்கமீனின் பூ மூடியிலும் முன் செட்டையிலும் வரிசையாகச் சிறு வெள்ளைப் புள்ளிகள் வந்தால் அது நோயல்ல, முட்டைப் பருவத்தின் அடையாளம். உடல் முழுவதும் உப்புத் தூவியதுபோல் இருந்தால் அது ஒட்டுண்ணி, பற்றீரியா மருந்து கேட்காது.

கண் இரண்டும் பிதுங்கி, சுற்றிச் சுற்றி நீந்துகிறது

ஒரு கண் மட்டும் பிதுங்கினால் எங்கோ இடிபட்டிருக்கும். கல், வலை, இன்னொரு மீன். சுத்தமான தண்ணீரில் ஒன்றிரண்டு வாரத்தில் வற்றும். இரண்டு கண்ணும் பிதுங்கினால் உள்ளே தொற்று. அதோடு திருகாணிபோல் சுழன்று நீந்தினால் ஸ்ரெப்டோகொக்கஸ் வகைப் பற்றீரியாவாக இருக்க வாய்ப்புக் கூட. இதுவும் வேகமான நோய். இந்த வகையில் ஒன்று, மீனைக் கையாளும்போது கைக்காயம் வழியாக மனிதருக்கும் தொற்றக்கூடியது. கையில் வெட்டு இருந்தால் பொலித்தீன் உறையாவது போட்டுக்கொண்டு வேலை செய்யுங்கள்.

வால் கிழிந்து, ஓரம் வெளிறி அரிபடுகிறது: நாட்கணக்கில் போகும் நோய்

செட்டை அரிப்பு. அதிகம் காண்பது இதுதான், அதிகம் தேவையில்லாமல் மருந்து ஊற்றப்படுவதும் இதற்குத்தான். ஏரோமோனஸ், சூடோமோனஸ் என்ற பற்றீரியாக்கள் எந்தத் தொட்டியிலும் எந்தக் கிணற்றிலும் இருப்பவை. நம் வாவியிலும் குளத்திலும் இருக்கின்றன. மீன் நலமாக இருக்கும்வரை அவை ஒன்றும் செய்வதில்லை. தண்ணீர் கெட்டு மீன் தளர்ந்த பிறகுதான் ஓரத்திலிருந்து அரிக்கத் தொடங்கும்.

முதலில் கிழிசலா அரிப்பா என்று பாருங்கள். இன்னொரு மீன் கடித்தால் ஓரம் கூர்மையாக, துண்டு எடுத்ததுபோல் இருக்கும், நிறம் மாறாது. அரிப்பு என்றால் ஓரத்தில் வெள்ளைக் கோடோ சிவப்புக் கோடோ தெரியும், நூல் நூலாகப் பிரியும். ஃபைட்டர் மீனை ஜாம் போத்தலில் வளர்ப்பவர்கள் இதை அடிக்கடி பார்ப்பீர்கள். போத்தலில் வடிகட்டி இல்லை, அழுக்குப் போக வழியில்லை. அந்த மீனுக்கு மருந்து என்பது பத்து லீட்டராவது கொள்ளும் ஒரு பாத்திரம்தான்.

ஓரம் மட்டும் அரிபட்டிருந்தால் இரண்டு நாளைக்கு ஒரு முறை கால் பங்கு தண்ணீர், லீட்டருக்கு 1 கிராம் உப்பு, தீனியைப் பாதியாகக் குறைப்பு. ஒரு வாரத்தில் ஓரத்தில் கண்ணாடிபோன்ற புது இழை வளரத் தொடங்கினால் வேறொன்றும் வேண்டாம். நாட்டு வாதாம் மரத்தின் காய்ந்து விழுந்த இலையைக் கழுவிப் போடும் வழக்கம் நம்மிடம் உண்டு. ஃபைட்டருக்கு அது நல்லதுதான், தண்ணீரைச் சற்று அமிலமாக்கும், ஆரம்ப அரிப்பில் உதவும். ஆனால் அரிப்பு செட்டையின் அடிவரை, தசையைத் தொட்டுவிட்டால் இலையை நம்பி நாளைக் கடத்தாதீர்கள்.

உடலில் சிவந்த புண், செட்டை நரம்பெல்லாம் சிவப்பு

இதுவும் பெரும்பாலும் ஏரோமோனஸ்தான், இம்முறை இரத்தத்துக்குள் போயிருக்கிறது. வெளியே சீமெந்துத் தொட்டியில் தங்கமீனும் கொய் மீனும் வளர்ப்பவர்கள் மாரியில் இதைப் பார்ப்பார்கள். மழைத் தண்ணீர் விழுந்து தொட்டி ஒரே இரவில் குளிர்கிறது, தண்ணீரின் தன்மை மாறுகிறது, முற்றத்து அழுக்கும் வழிந்து சேர்கிறது. மீனின் எதிர்ப்புச் சக்தி சுணங்கும் வேளையில் பற்றீரியா முந்திக்கொள்கிறது. மாரி தொடங்குமுன் தொட்டிக்கு மேல் ஒரு ஷீட் சாய்த்துவிடுங்கள், முற்றத்துத் தண்ணீர் உள்ளே வராமல் ஓரத்தை ஒரு கல் உயர்த்துங்கள். மருந்தைவிட இது கூடிய பலன் தரும்.

புண் ஆழமில்லை என்றால் உப்புக் குளியல் கொடுக்கலாம்: லீட்டருக்கு 10 கிராம், ஐந்து முதல் பத்து நிமிடம், பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டு. மீன் சரிந்தால் உடனே நல்ல தண்ணீருக்கு. தங்கமீனும் கொய்யும் தாங்கும். டெட்ராவுக்கு இதைச் செய்யாதீர்கள்.

வயிறு வீங்கி, மேலிருந்து பார்த்தால் செதில் நிமிர்ந்து நிற்கிறது

முன்னாலிருந்து பார்த்தால் வீக்கம் மட்டும்தான் தெரியும். மேலிருந்து பாருங்கள். செதில்கள் அன்னாசிப் பழத்தின் கண்கள்போல் ஒவ்வொன்றாக வெளியே நீட்டியிருந்தால் அது நீர்க்கோவை. செதில் படிந்து வயிறு மட்டும் பெரிதாக இருந்தால் சினைக் கப்பியாக இருக்கலாம், அல்லது அதிகம் தின்ற ஃபைட்டர். இரண்டு மூன்று நாள் பட்டினி போட்டாலே அது வற்றிவிடும்.

நீர்க்கோவை ஒரு நோயின் பெயர் அல்ல. சிறுநீரகம் நின்றுபோய், உடலுக்குள் வரும் தண்ணீரை வெளியேற்ற முடியாமல் தேங்குவதுதான் அது. பற்றீரியா உள்ளுறுப்பைத் தின்று முடித்த பிறகே செதில் நிமிரும். ஆகவே உண்மையைச் சொல்கிறேன்: செதில் நிமிர்ந்த மீன்களில் பிழைப்பவை மிகக் குறைவு. இலேசாக நிமிரத் தொடங்கி, மீன் இன்னும் தின்கிறது என்றால் முயற்சி செய்யலாம். பேசினில் பிரித்து, பார்மசியில் கிடைக்கும் எப்சம் உப்பு இருபது லீட்டருக்கு ஒரு தேக்கரண்டி. தேங்கிய நீரை இழுக்க உதவும். இங்கே சாதாரண உப்புப் போட வேண்டாம். மீன் தின்னும்வரைதான் தீனியில் கலந்த மருந்தை உள்ளே அனுப்ப முடியும்.

தின்பதை நிறுத்தி, சரிந்து கிடக்கும் மீனை நாட்கணக்கில் பார்த்துக்கொண்டிருப்பது அதற்குச் செய்யும் நன்மை அல்ல. பல்வலிக்குப் பூசும் கராம்புத் தைலத்தைச் சிறிது வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டுப் போத்தலில் நன்றாகக் குலுக்கி, லீட்டருக்குப் பத்துத் துளி என்ற அளவில் மீன் இருக்கும் பாத்திரத்தில் ஊற்றினால், அது மயங்கி வலியில்லாமல் போய்விடும். பூ அசைவு நின்று அரை மணி நேரம் அப்படியே விடுங்கள். என் மகளின் மீனுக்கு இதைச் செய்த நாளில் அவள் அழுதாள், நானும் கலங்கினேன். ஆனாலும் கழிப்பறைக்குள் உயிரோடு ஊற்றிவிடுவதைவிட இது மீனுக்குக் கொடுக்க வேண்டிய மரியாதை என்று நினைக்கிறேன்.

தின்கிறது, ஆனாலும் மெலிந்து, முதுகு வளைகிறது: மாதக்கணக்கில் போகும் நோய்

மீன் காசநோய். மைக்கோபற்றீரியம் வகை. மாதத்துக்கு ஒரு மீன் செத்துக்கொண்டிருக்கும், தண்ணீரில் குறை காண முடியாது, வயிறு ஒட்டி, நிறம் மங்கி, முதுகெலும்பு கோணி, சிலவற்றில் ஆறாத புண். வயதான கப்பிக்கும் முதுகு வளையும், குடல் புழுவாலும் மீன் மெலியும், அதனால் ஒரு மீனை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஒரே தொட்டியில் ஒன்றன்பின் ஒன்றாக மெலிந்தால் நம்பலாம்.

இதற்கு வீட்டு மருத்துவம் இல்லை. நான் இதைப் பற்றி இவ்வளவு எழுதுவது மீனுக்காக அல்ல, உங்களுக்காக. மைக்கோபற்றீரியம் மரினம் கைக்காயம் வழியாக மனிதத் தோலுக்குள் போகும். இரண்டு மூன்று வாரம் கழித்து, சில சமயம் அதற்கும் பிந்தி, விரலிலோ புறங்கையிலோ ஆறாத ஒரு சிவந்த கட்டி வரும், பிறகு கைநெடுக மேலே இன்னும் ஒன்றிரண்டு. வலி பெரிதாக இராது, அதனால் கவனிக்காமல் விடுவோம். அப்படி வந்தால் வைத்தியரிடம் போகும்போது "நான் மீன் வளர்க்கிறேன்" என்று நீங்களாகவே சொல்லுங்கள். அந்த ஒரு வரி இல்லாமல் அவருக்கு இது தோன்றாமல் போகலாம். மாதக்கணக்கில் மருந்து எடுத்தால் ஆறும்.

டியூப்பை வாயால் உறிஞ்சித் தண்ணீர் இறக்கும் பழக்கத்தை இன்றோடு விடுங்கள். டியூப் முழுவதும் தண்ணீர் நிரப்பி, இரண்டு முனையையும் விரலால் அடைத்து, ஒரு முனையைத் தொட்டிக்குள்ளும் மற்றதைக் கீழே வாளியிலும் விட்டால் தானாக ஓடும்.

அன்டிபயோட்டிக்: எப்போது, எப்படி

தொட்டி வைக்கத் தொடங்கிய காலத்தில் எனக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் பார்மசியில் ரெற்றாசைக்கிளின் வாங்கி உடைத்து ஊற்றுவது. எனக்கு அப்படித்தான் சொல்லித் தந்தார்கள். தண்ணீர் மஞ்சளாகி, பிறகு தேயிலைச் சாயம்போல் ஆகும். மீன் சிலது தப்பும், சிலது சாகும். பல வருடங்களுக்குப் பிறகுதான் மூன்று விடயம் விளங்கியது.

ஒன்று, நம் கடினத் தண்ணீரில் ரெற்றாசைக்கிளின் வகை மருந்து கல்சியத்தோடும் மக்னீசியத்தோடும் பிணைந்துவிடும். மீனுக்குப் போய்ச் சேர்வது சிறு பங்குதான். ஊற்றியதில் பெரும்பகுதி வீண். தீனியில் கலந்து கொடுத்தால்தான் பயன்.

இரண்டு, எல்லா மருந்தும் எல்லாப் பற்றீரியாவையும் கொல்லாது. எரித்ரோமைசின் ஸ்ரெப்டோகொக்கஸைக் கொல்லும். செட்டை அரிப்பையும் கொலும்நாரிஸையும் புண்ணையும் உண்டாக்கும் பற்றீரியாக்கள் கிராம் எதிர் எனப்படும் வேறு வகை, அவற்றில் அது பெரிதாக எடுபடாது.

மூன்று, தண்ணீரில் ஊற்றிய மருந்து வடிகட்டிப் பஞ்சில் வாழும் நல்ல பற்றீரியாவையும் கொல்லக்கூடும். அமோனியாவைத் தின்பது அவைதான். நோயில் தப்பிய மீன் ஒரு வாரத்தில் அமோனியாவில் சாகும். ஆகவே மருந்து பேசினில்தான், பெரிய தொட்டியில் அல்ல. பேசின் தண்ணீரில் பாதியைத் தினமும் மாற்றி, மாற்றிய அளவுக்கு மருந்தைச் சேர்க்க வேண்டும்.

மருந்தின் அளவுக்குத் தொட்டியின் கொள்ளளவு தெரிய வேண்டும். நீளம், அகலம், உயரம் சென்ரிமீற்றரில் பெருக்கி ஆயிரத்தால் பிரியுங்கள். இரண்டடித் தொட்டி, 60க்கு 30க்கு 30 என்றால் 54 லீட்டர். மணலும் மேல் இடைவெளியும் கழித்தால் 45 லீட்டர் அளவில்தான் தண்ணீர்.

மருந்தைத் தெரிவு செய்வதை கால்நடை வைத்தியரிடம் விடுங்கள். செத்துச் சில மணி நேரமே ஆன மீனை ஐஸ் பையில் வைத்து, உறைய விடாமல், எடுத்துப் போனால் பார்ப்பதற்கு ஏதாவது இருக்கும். மருந்து தந்தால் சொன்ன நாள்வரை கொடுங்கள். மூன்றாம் நாள் மீன் நீந்துகிறது என்று நிறுத்தினால், சாகாமல் எஞ்சிய பற்றீரியா அந்த மருந்துக்குப் பழகிவிடும். அந்தத் தண்ணீரை வடிகானில் விட்டால் அது எங்கே போகும் என்று நமக்குத் தெரியும், மீன் பாடும் அந்த வாவிக்குத்தான். முற்றத்தில், கிணற்றுக்குத் தூரமாக, மண்ணில் ஊற்றுங்கள். செத்த மீனையும் புதையுங்கள்.

வராமல் தடுக்க

புதிய மீனை நேரே தொட்டியில் விடாதீர்கள். அதே பேசினில் குறைந்தது இரண்டு வாரம், முடிந்தால் நான்கு. பேசினில் ஓட ஒரு ஸ்பொஞ்ச் வடிகட்டியைப் பெரிய தொட்டியிலேயே எப்போதும் போட்டு வையுங்கள். தேவைப்படும் நாளில் நல்ல பற்றீரியாவோடு எடுத்துக்கொள்ளலாம். கடைப் பையில் வந்த தண்ணீரைத் தொட்டிக்குள் ஊற்ற வேண்டாம்.

வடிகட்டியைக் குழாயடியில் சவர்க்காரம் போட்டுக் கழுவுவது நம் வீடுகளில் நடக்கும் பெரிய தவறு. "என்ன மனே, இவ்வளவு ஊத்தையா வச்சிருக்கா" என்று அம்மா ஒருநாள் என் ஸ்பொஞ்சைப் பளிச்சென்று கழுவிக் காயப்போட்டுவிட்டார். அடுத்த வாரமே செட்டை அரிப்பு வந்தது. அந்த ஊத்தைக்குள்தான் தொட்டியின் உயிர் இருக்கிறது. மாற்றி எடுத்த தொட்டித் தண்ணீரிலேயே இரண்டு முறை பிழிந்தால் போதும்.

மின்சாரம் நிற்பது இன்னொன்று. 2022 மார்ச் முடிவில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம்வரை வெட்டியபோது மோட்டர் நின்ற தொட்டிகளில் கொலும்நாரிஸ் வந்ததை நிறையப் பேர் சொன்னார்கள். மூடிய வடிகட்டிக்குள் ஓட்டம் நின்றால் சில மணி நேரத்தில் உள்ளே ஒக்சிஜன் முடிந்து அழுகத் தொடங்கும். மின்சாரம் வந்ததும் அப்படியே ஓட விடாமல், முதலில் வரும் தண்ணீரை வாளியில் கொட்டிவிடுங்கள். பற்றரியில் ஓடும் சிறிய காற்று மோட்டர் ஒன்று வீட்டில் இருக்கட்டும்.

எல்லாம் செய்தும் அதே தொட்டியில் திரும்பத் திரும்ப நோய் வருகிறது

அப்போது தொட்டியை முழுதாகக் கழற்ற வேண்டும். மணல், ஸ்பொஞ்ச், தாவரம் மூன்றையும் எறிந்துவிடுங்கள், காசு போனாலும் பரவாயில்லை. வாசனை சேர்க்காத வெளிற்றும் திரவம் பத்து லீட்டர் தண்ணீருக்கு 200 மில்லிலீட்டர் கலந்து, தொட்டியை நிரப்பி ஒரு மணி நேரம் வையுங்கள். நன்றாக அலசி, குளோரின் மணம் முற்றாகப் போகும்வரை வெயிலில் காய விடுங்கள். காசநோய்ச் சந்தேகம் இருந்தால் வலையையும் டியூப்பையும் 70 வீத ஸ்பிரிட்டில் ஊற வையுங்கள், அந்தப் பற்றீரியாவுக்கு குளோரின் அவ்வளவு எடுபடாது.

பிறகு புது மணல், புதுத் தண்ணீர், வடிகட்டி. நான்கு கப்பி மட்டும் விட்டு, ஒரு நாளைக்கு ஒரு சிட்டிகைத் தீனி. நல்ல பற்றீரியா பஞ்சில் குடியேற நான்கு முதல் ஆறு வாரம் எடுக்கும். அதுவரை மூன்று நாளைக்கு ஒரு முறை கால் பங்கு தண்ணீரை மாற்றிக்கொண்டிருங்கள். ஐந்தாவது மீன் ஆறு வாரம் கழித்து வரட்டும், அதுவும் பேசின் வழியாக.